வெள்ளிக்கிழமைக் கைராசி

அத்தியாயம் 6

"அஸ்வினிக்குப் புதுக் கேமரா. எனக்கு இந்த ஓட்டைக் கார். நியாயமா மேடம்?"

ராம்கி கியரை மாற்றினான். கார் ஒரு முறை இருமிவிட்டு நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்யாமளா கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தின் எதிரே மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்து ஒன்பது வருடமாகிறது. யாரிடம் கேள்வி கேட்டாலும் முதலில் ஒரு கடலை மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார். வாய் இனித்திருக்கும்போது மனிதருக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வரும் என்பது அவர் நம்பிக்கை.

ராம்கியின் கைபேசி ஒலித்தது. அஸ்வினிதான். அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன பெண்.

"பிரிண்டர் ஓடலையா? எனக்குத் தெரியலையேங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாலையைப் பார்த்தான்.

"வலது பக்கம் ஒரு தட்டு தட்டினால் ஓடும் என்று உனக்குத் தெரியாதா, ராம்கி?"

"தெரியும் மேடம். அவங்கதான் ரெண்டே வாரத்துல எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்களே. இதையும் கத்துக்கட்டும்."

கார் திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டியை நோக்கி ஓடியது.

முத்திருளனின் பட்டறை சாலையோரத்திலேயே இருந்தது. காடு மேடு ஏறும் ஜீப்புகளுக்கு உள்தரையில் லைனர் போடுவது அங்கே தனிச்சிறப்பு. ரப்பரும் தாரும் கலந்ததுபோல் கெட்டியான கறுப்புக் கலவையை ரோலரால் உருட்டிப் பூசுவார்கள். காய்ந்துவிட்டால் கல் விழுந்தாலும் கீறாது, சேறு படிந்தாலும் குழாயைத் திருப்பிக் கழுவிவிடலாம், தரை துருப்பிடிக்காது. மதுரையிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வண்டிகள் அங்கே வந்து காத்திருக்கும்.

இன்று ஒரே ஒரு ஜீப்தான் கொட்டகைக்குள் நின்றது. அதன் தரையிலிருந்து கறுப்புப் பூச்சு பட்டை பட்டையாக எழும்பி நின்றது.

முதலாளி முத்திருளன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். முழங்கை நீளத்துக்கு அப்படியே வந்தது.

"நல்லா எண்ணெய் விட்ட கல்லுல தோசை எழும்புற மாதிரில்ல வருது!" என்றான் ராம்கி.

"கிண்டலா தம்பி? இது பேங்க் ஆபீசர் விஸ்வநாத் சார் வண்டி. ஞாயித்துக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் ஜீப் பந்தயம். போன வெள்ளி போட்டது, இந்த வெள்ளி உரியுது. இன்னைக்குப் பூசினாத்தான் ஞாயிறுக்குள்ள காயும்." முத்திருளன் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு வாரத்துல இது அஞ்சாவது வண்டி மேடம். அஞ்சும் அருண்பாண்டி கையால போட்டது. அஞ்சும் வெள்ளிக்கிழமை போட்டது."

"மற்ற நாளில் அவர் போட்டவை?"

"கல்லு மாதிரி நிக்குது. அதான் சொல்றேன். இது வேலைக் குத்தமில்ல. இங்க பாருங்க."

உரிந்த பட்டையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் விரல் இழுத்ததுபோல் மெல்லிய சிவப்புக் கோடு. ஸ்யாமளா முகர்ந்து பார்த்தார்.

"குங்குமம்!" என்றார் முத்திருளன். "செய்வினை மேடம். இங்க பாண்டிராஜ்னு ஒருத்தன் பதினோரு வருசமா இருக்கான். வெள்ளிக்கிழமை வேலை எப்பவும் அவனுக்குத்தான். பூசை போட்டு, தேங்காய் உடைச்சு, முதல் கோட்டு இழுக்குறது அவன் கை. அருண் வந்தான். புள்ளை கை வச்ச முதல் வாரமே மூணு வண்டி புதுசா வந்துச்சு. கைராசி இவன்கிட்ட இருக்குன்னு வெள்ளிய இவனுக்கு மாத்தினேன். அன்னையிலேர்ந்து பாண்டிராஜ் மூஞ்சியப் பார்க்கணுமே! அருணுகிட்ட ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. அவன் நிழலு பட்டாக்கூட ஒதுங்கிப் போவான்."

"பொறாமை இருக்கலாம். ஆதாரம்?"

"ஆதாரத்துக்குத்தான உங்களக் கூப்புட்டேன்." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பத்து நாற்பது. "ராகு காலம் பன்னெண்டுக்கு முடியுது. அதுக்குள்ள சொல்லுங்க. பாண்டிராஜ்னா இன்னையோட வீட்டுக்கு. செய்வினை வச்சவன்னு பேரு வந்தா இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் பட்டறை வாசல்ல சேர்க்க மாட்டான். அருண் வேலைதான் சரியில்லைன்னா அவன அனுப்பிர்றேன். ரெண்டுல ஒருத்தன்தான் பன்னெண்டு மணிக்கு ரோலரைப் பிடிப்பான்."

"ஐயா, ராகு காலத்துல துப்பறியலாமா?" என்று கேட்டான் ராம்கி.

"அதுக்கு யாரும் தடை சொன்னதில்ல தம்பி."

அருண்பாண்டிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஜீப்பின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தவன் அவர்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான். கடலை மிட்டாயை வாங்கிப் பையில் வைத்தான்.

"பாண்டி அண்ணே செய்வினையெல்லாம் வைக்க மாட்டாரு மேடம். என்கூடப் பேச மாட்டாரு. ஆனா அதெல்லாம் செய்ய மாட்டாரு."

"நீங்கள் எப்படிப் பூசுவீர்கள், சொல்லுங்கள்."

"உப்புத்தாள் போட்டுத் தரையச் சொரசொரப்பாத் தேய்ப்பேன். தூசிய ஊதிட்டு, துணியில தின்னரைத் தொட்டு ரெண்டு தரம் துடைப்பேன். அப்பறம் பூச்சை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலந்து உருட்டுறதுதான். எல்லா நாளும் இதேதான் மேடம்." அவன் கண் கலங்கியது. "கை அதே கை. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் ஏமாத்துதுன்னு தெரியல."

"துணி எங்கே எடுப்பீர்கள்?"

"அந்த மூட்டையிலதான்."

மூலையில் ஒரு சாக்கு மூட்டை நிறையத் திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணி. கசங்கிக் கிடந்த துணிகளுக்கு மேலே மட்டும் நான்கைந்து துண்டுகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன.

பின்பக்க வாசலில் நின்ற ராம்கி விரைந்து வந்து ஸ்யாமளாவின் காதில் கிசுகிசுத்தான்.

"மேடம், கேஸ் தலைகீழா இருக்கு. நாம வந்து இறங்கினப்ப இந்த அருண், வேப்ப மரத்துல தொங்குற ஒரு கூடைக்குள்ள திருட்டுத்தனமா எதையோ வச்சான். அது யாரு கூடைன்னு இப்ப விசாரிச்சேன். பாண்டிராஜோடது! மாட்டி விடப் பார்க்குறான். முகத்தைப் பார்த்தா பால் குடிக்கிற புள்ளை, கையைப் பார்த்தா..."

"கூடையில் என்ன இருந்தது?"

"அதுக்குள்ள பாண்டிராஜே வந்துட்டாரு. அந்த மீசைக்கு முன்னாடி என்னால கூடையத் தொட முடியல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். பட்டறைத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. மடித்த துணிகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். உடனே மறுபடியும் கழற்றினான். "என்ன மேடம் இது! சுத்தமான துணின்னு எடுத்தா, வாடிப்பட்டியே மங்கலாத் தெரியுது. லைட்டைச் சுத்தி வானவில் வேற."

ஸ்யாமளா அவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு துணியை முகர்ந்தார். சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மீனாட்சி அம்மன் சந்நிதியில் நிற்கும்போது வரும் வாசனை.

"ராம்கி, நீ இன்றைக்கு இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிட்டாய். முதல் தடவை தோசை என்றாய்."

"சொன்னேனா? அப்ப சம்பளத்தைக் கூட்டுங்க."

பட்டறையின் பின்னாலேயே வீடு. முதலாளியின் மனைவி சோலையம்மாள் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார். கொடியில் பனியன் துண்டுகள் காய்ந்தன. ஸ்யாமளா கீழே உட்கார்ந்து ஒரு துணியைப் பிழிய உதவினார்.

"விடுங்கம்மா, சேலை நனையுது!"

"நனைந்தால் காய்ந்துவிடும். பட்டறையில் சாமி மாடம் அழகாக இருக்கிறது. யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"நான்தான். சித்திரையில மாடம் கட்டினதுலேர்ந்து வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கைத் துடைச்சு, திரி மாத்தி, சந்தனம் குங்குமம் வச்சிருவேன். வெள்ளி காலையில பூசை. ஒரு தேங்காய் உடைப்போம். ஒரு மூடி சாமிக்கு வச்சு வீட்டுக்கு எடுத்துக்குவோம், இன்னொரு மூடி அன்னைக்கு ரோலர் பிடிக்கிறவனுக்கு. எங்க மாமனார் காலத்து வழக்கம். இப்ப அருணுகிட்டத்தான் என் கையால குடுக்குறேன்."

"விளக்கைத் துடைத்த துணியை என்ன செய்வீர்கள்?"

சோலையம்மாளின் முகம் மலர்ந்தது. "சாமி விளக்கைத் தொட்ட துணிய எப்படிம்மா குப்பையில போட? நாலு பேரு காலுல மிதிபடுமே. அலசி, காயப் போட்டு, மடிச்சு மூட்டைக்கு மேலேயே வச்சிருவேன். வெள்ளிக்கிழமை வேலைக்கு அந்தத் துணிதான் முதல்ல படணும். புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்னுதான்."

ராம்கி வாயைத் திறந்தான். ஸ்யாமளா அவன் காலை மிதித்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

திரும்பி நடக்கும்போது அவன் பொறுக்க முடியாமல் சொன்னான்: "விளக்கெண்ணெய் சோப்புக்கெல்லாம் முழுசாப் போகாது. தின்னரைத் தொட்டுத் துடைச்சா, துணியில இருக்குற எண்ணெய் தரை முழுக்கப் பரவும். அதுமேல கோட்டிங் எப்படிப் பிடிக்கும்? குங்குமமும் அப்படி வந்ததுதான். திங்கள், செவ்வாய்னா மடிச்ச துணி தீர்ந்து போயிருக்கும், அதான் மத்த வண்டியெல்லாம் நிக்குது. முடிஞ்சுது மேடம்! செய்வினையும் இல்ல, செஞ்சவனும் இல்ல. போய்ச் சொல்லிட்டு வாடிப்பட்டியில ஒரு டீ அடிப்போம்."

"முடியவில்லை," என்றார் ஸ்யாமளா.

அவர் பட்டறையின் சொந்த லோடு வண்டி அருகே நின்றார். அதன் தளத்திலும் கறுப்புப் பூச்சு. நகத்தால் சுரண்டினார், அசையவில்லை. மூலையில் பூச்சோடு பூச்சாக ஒரு பச்சை நூல் ஒட்டியிருந்தது.

"முதலாளி! இதைப் பூசியது யார்?"

"பாண்டிராஜ்தான்," முத்திருளன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மாடம் கட்டி முதல் வெள்ளிக்கிழமை. அவன் கடைசியாப் பிடிச்ச வெள்ளி அது. பார்த்தீங்களா, அவன் போட்டது மட்டும் நிக்குது! அடுத்த வெள்ளியிலேர்ந்துதான் எல்லாமே உரியுது."

மணி பதினொன்று இருபத்தைந்து.

பாண்டிராஜ் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது. தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. தலைக்கு மேலே கிளையில் ஒயர் கூடை தொங்கியது.

"கடலை மிட்டாய் வேணாம் மேடம். நேராக் கேளுங்க. செய்வினை வச்சேன்னு சொல்றாக. எனக்கு எலுமிச்சம்பழத்துல ரசம் வைக்கக்கூடத் தெரியாது."

"உங்களுக்கும் நம்ம மேடத்துக்கும் ஒத்துப் போகும்ணே, அவங்களுக்கும் ரசம் வைக்க வராது," என்றான் ராம்கி.

ஸ்யாமளா எதிரே ஒரு டயரில் அமர்ந்தார். "லோடு வண்டியில் உங்கள் துண்டின் நூல் ஒட்டியிருக்கிறது அண்ணே. மூட்டை நிறையத் துணி இருக்கும்போது, அன்றைக்கு ஏன் சொந்தத் துண்டைக் கிழித்துத் துடைத்தீர்கள்?"

பாண்டிராஜின் கை நின்றது.

"மடித்த துணியை எடுத்தீர்கள். தரையில் வானவில் தெரிந்தது. முகர்ந்து பார்த்தீர்கள். எண்ணெய் என்று தெரிந்ததும் அதைப் போட்டுவிட்டு மறுபடி தரையைச் சுத்தமாகத் துடைத்தீர்கள். சரிதானா?"

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். சாலையில் இரண்டு பேருந்துகள் போயின.

"நான் ஒண்ணுமே செய்யல மேடம். சத்தியமா ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தல."

"அதைத்தான் அண்ணே கேட்கிறேன். ஏன் ஒன்றுமே செய்யவில்லை?"

அவர் முகம் உடைந்தது.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன். சாயங்காலம் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள முதலாளி எல்லார் முன்னாலயும், 'அடுத்த வெள்ளி அருண் பிடிக்கட்டும், அவன் கைதான் ராசி'ன்னுட்டாரு. பதினோரு வருசம் மேடம்! நேத்து வந்தவன் கையில ரோலரைக் குடுத்துட்டு என்னைய டேப்பு ஒட்டச் சொன்னாரு. அவன் உருட்டுறான். அந்தச் சரசரன்னு சத்தம் இருக்கே, அது காதுல கேக்காது, வயித்துல கேக்கும். ராத்திரி படுத்தாலும் கேக்கும். அவன் மடிச்ச துணிய எடுக்குறதப் பார்த்தேன். சொல்லுவோமான்னு வாய் வந்துச்சு. ராசியான கையில்ல, அதுவே பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன். முதல் வண்டி உரிஞ்சப்ப..." துண்டின் நுனியை முறுக்கினார். "சந்தோசமா இருந்துச்சு மேடம். அம்புட்டுச் சந்தோசம். அஞ்சாவது வண்டியில அது இல்ல. ஆனா அம்புட்டு நாள் கழிச்சு என்னன்னு போய்ச் சொல்ல?"

ராம்கியிடமிருந்து ஒரு கேலி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு மெல்ல விலகிப்போனான். "அஸ்வினி, அந்தப் பிரிண்டர்... வலது பக்கம் லேசா ஒரு தட்டு தட்டுங்க. ஓடும். காலையிலயே தெரியும்ங்க. சாரி," என்று அவன் சொல்வது கேட்டது.

திரும்பி வந்தவனிடம் ஸ்யாமளா கேட்டார்: "ராம்கி, அருண் இந்தக் கூடையில் எதையோ வைத்தான் என்றாயே?"

பாண்டிராஜ் துள்ளி எழுந்தார். "என் கூடையிலயா? அவனா?" கூடையை இறக்கினார். தூக்குச் சட்டிக்குப் பக்கத்தில் செம்பருத்திப் பூ ஒட்டிய ஒரு தேங்காய் மூடி இருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். "இதுவா? இது முதலாளியம்மா வைக்கிறது. வாரா வாரம் இருக்கும். பதினோரு வருசம் வாங்கினவன்னு அவுகளுக்கு ஒரு இரக்கம்."

"ஒரு மூடி வீட்டுக்கு, ஒரு மூடி அருணுக்கு. அம்மா தன் கையாலேயே கொடுக்கிறார்களாம்." ஸ்யாமளாவின் குரல் மிக மென்மையாக இருந்தது. "ஒரு தேங்காயில் மூன்றாவது மூடி ஏது அண்ணே?"

பாண்டிராஜ் தேங்காய் மூடியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் குனிந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தவனின் முதுகைப் பார்த்தார்.

"வாரா வாரமா?" என்றார். அவருக்கே கேட்காத குரலில்.

ஸ்யாமளா எழுந்தார். "துணியைப் பற்றி முதலாளியிடம் நான் சொல்லிவிடுவேன். அதோடு செய்வினை என்ற பேச்சு போய்விடும். உங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கையில்."

மணி பதினொன்று ஐம்பது. ஸ்யாமளா ராம்கியின் கண்ணாடியை வைத்தே எல்லாருக்கும் விளக்கினார். சோலையம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்..."

"நல்லதுதான் அம்மா. இனி அந்தத் துணியைத் திரியாகத் திரித்து அதே விளக்கில் எரித்துவிடுங்கள். சாமி துணி சாமிக்கே."

முத்திருளன் நெற்றியைத் துடைத்தார். "அப்ப ஒருத்தன் மேலயும் குத்தமில்ல. நல்லவேளை."

"இருக்கு முதலாளி," என்று ஒரு குரல் வந்தது.

பாண்டிராஜ் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். துண்டு கிழித்ததை, வாய் வரைக்கும் வந்ததை, முதல் வண்டி உரிந்தபோது சந்தோஷப்பட்டதை. எதையும் குறைக்கவில்லை.

முத்திருளனின் முகம் கறுத்தது. "அஞ்சு வண்டிடா! அம்புட்டையும் பார்த்துக்கிட்டு நின்னியா? என் உப்பத் தின்னுட்டு? சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். எடு உன் கூடைய!"

பாண்டிராஜ் கூடையை ஏற்கெனவே கையில்தான் வைத்திருந்தார்.

"முதலாளி," என்றார் ஸ்யாமளா. "அவர் செய்தது தவறுதான். பதினோரு வருடம் அவரிடம் இருந்த ராசி ஒரே நாளில் எங்கே போனது என்று நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?"

முத்திருளன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. மேசை மேலிருந்த ரோலரை எடுத்து அருண்பாண்டியிடம் நீட்டினார். "பிடிடா."

அருண்பாண்டி கையைக் கட்டிக்கொண்டான். "தரையை யாரு துடைக்கிறது முதலாளி?"

"நீதான்."

"எனக்கு எண்ணெய்த் துணி எது, நல்ல துணி எதுன்னு தெரியல. அஞ்சு வண்டி கெடுத்தவன் நான். அண்ணே துடைச்சாத்தான் உருட்டுவேன். இல்லைன்னா நானும் கூடைய எடுத்துக்கிட்டு வாரேன் அண்ணே, சேர்ந்தே போவோம்."

"மாப்ள, கூடை இருந்தாத்தான எடுப்ப? நீதான் எல்லாத்தையும் அவர் கூடையில போட்டுட்டியே," என்றான் ராம்கி.

சோலையம்மாள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். முத்திருளன் சிரிக்கவில்லை. ரோலரை மேசையிலேயே வைத்துவிட்டு, "விஸ்வநாத் சார் நாளைக்குச் சாயங்காலம் வண்டிய எடுக்க வந்துருவாரு. சும்மா நிக்காதீங்கடா ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

பாண்டிராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்து நடுவில் கிழித்தார். ஒரு பாதியைத் தின்னரில் தொட்டு, அருண் பழைய பூச்சை உரித்துத் தேய்த்து வைத்திருந்த ஜீப்பின் தரையில் மண்டியிட்டார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், மறுபடி துடைத்தார். மறு பாதியை அருண்பாண்டியின் தோளில் போட்டார்.

"முதல் கோட்டு நீங்க இழுங்கண்ணே," என்றான் அவன்.

"நீ இழுடா. சத்தம் கேக்கட்டும்."

ரோலர் சரசரவென்று ஓடத் தொடங்கியது. பாண்டிராஜ் ஜீப்பின் பம்பரில் தேங்காய் மூடியை ஓங்கித் தட்டினார். அது இரண்டாகப் பிளந்தது.